நீல டிரம்மில் இருந்த மருந்து

மின்சாரம் போனதும் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று அவளுக்கே தெரியும். தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் அப்போதுதான் சுழல ஆரம்பித்திருந்தது. கலக்குகிற மோட்டார் கிழவன் மாதிரி ஒரு தரம் முனகிவிட்டு நின்றுபோனது. தொட்டிக்கு அந்தப் பக்கம் மேடம் நின்றிருந்தார். நகரம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்குச் சரக்கு எடுப்பவர். அவர் கண்ணெதிரே ஒரு தொட்டி சோப்பு ஒழுங்காக வந்துவிட்டால் அத்தனை கிளைகளிலும் அண்ணனும் தங்கையும் நடத்தும் பட்டறையின் பாட்டில் ஏறும். வராவிட்டால் பழையபடி சந்துக் கடைகளில் கெஞ்சிக் கூத்தாடி, கொசுவத்திச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்க வேண்டியதுதான்.

"ஜெனரேட்டர் இல்லையா?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம்."

"அப்ப போடுங்களேன்."

ஜெனரேட்டர் அறையின் சாவி அண்ணன் இடுப்பில் இருந்தது. அண்ணன் மின்சார ஆபீசில் இருந்தார். அவருடைய போன், வாசல் காவலாளியின் மேஜை இழுப்பறையில் இருந்தது. அந்த ஆபீசில் உள்ளே போகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். தங்கை அழைத்தபோது காவலாளிதான் எடுத்து, "அதிகாரி இன்னும் வரலீங்க, சார் உள்ள உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பட்டறைக்குக் கூடுதல் மின்சாரம் கேட்டு அண்ணன் அந்த ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார். "நான் போறேன், மேடம் வர்ற நேரத்துல நீங்க இங்க இருங்க" என்று தங்கை காலையிலேயே சொன்னாள். "ஆபீசருங்ககிட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியாது" என்றார். அவருக்கு மட்டும் தெரிந்து என்ன கிழித்தார் என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. தொழில் ஏன் வளரவில்லை என்று யாராவது அண்ணனிடம் கேட்டுவிட்டால் போதும், மழை மாதிரி பொழிவார். கரண்ட் இல்லை, ரோடு இல்லை, பேங்க்காரன் வீட்டுப் பத்திரம் கேட்கிறான், பெரிய கம்பெனிக்காரன் விலையைக் குறைத்து அடிக்கிறான், நல்ல ஆள் கிடைப்பதில்லை. இதில் ஒன்றும் பொய் கிடையாது. அவர் தன் பெயரை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டு தங்கைக்குக் காது புளித்துவிட்டது.

பட்டறை மூலையில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால் நீல டிரம். டிரம்முக்குள் மருந்து, பச்சை நிறத்தில் பொடியாக. தண்ணியாக ஓடுகிற சோப்பு, அந்த மருந்து விழுந்தால்தான் தேன் மாதிரி திரளும். அதை அள்ளப் போகும்போது அண்ணன் முகமூடி மாட்டி, முழங்கை வரை கையுறை போட்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் தோரணையில் உள்ளே நுழைவார். "கண்ணுல பட்டா பார்வை போயிடும், கையில பட்டா வெந்துடும்" என்று எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். பாட்டிலுக்கு மூடி போடும் மூடிக்காரம்மா அந்தப் பக்கம் பெருக்கக்கூடப் போவதில்லை. சோப்புக் கூழும் தண்ணீரும் எவ்வளவு என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து அளந்து ஊற்றிவிடுவார். கல்யாணம் ஆனதிலிருந்து தங்கை இந்தப் பட்டறையில்தான் கிடக்கிறாள். கணக்கு, ஆள், கடைக்காரர்களின் ஏச்சுப் பேச்சு எல்லாம் அவள் தலையில். ஆனால் திரைக்குப் பின்னால் அவளும் அயலாள்தான்.

இன்றைக்கு வேண்டிய மருந்தை ஒரு பையில் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "கொட்டிக் கலக்கு. வேற எதையும் தொடாதே."

கொட்டியாகிவிட்டது. கலக்கத்தான் மோட்டார் இல்லை.

"கையாலயே கலக்கிடலாம் தங்கச்சிம்மா, எத்தனை பாத்திருக்கோம்!" என்று ரேடியோ துடுப்பை எடுத்தார். மூட்டை தூக்குபவர். தூக்கத்தில்கூட வாய் மூடாதவர் என்பதால் அந்தப் பெயர். தங்கை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னொரு துடுப்பைப் பிடித்தாள். இருவரும் மாறி மாறிக் கலக்கினார்கள். தோள்பட்டை கழன்றது. சோப்பு என்னவோ குழாய்த் தண்ணீர் மாதிரியே சளசளத்துக்கொண்டிருந்தது. மருந்து அடியில் படிந்து கிடப்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது தங்கைக்கு.

மருந்து போதவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு என்ன தோன்றும்? மருந்து விழுந்தால் திரளும் என்பது ஒன்றுதானே அவளுக்குச் சொல்லப்பட்டது. அண்ணனின் கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை இடுக்கியபடி, ஜென்மத்தில் முதல் தடவையாகத் திரைக்குப் பின்னால் போய் ஒரு குவளை அள்ளிவந்தாள். கொட்டினாள். கலக்கினார்கள். துடுப்பு மெல்லக் கனத்தது. சோப்பு திரண்டு, பளபளவென்று நூல் மாதிரி வழிந்தது.

"வந்துருச்சு!" என்று ரேடியோ கூவினார். மூடிக்காரம்மா கையைத் தட்டினாள். தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேடம்கூடச் சிரித்துவிட்டார்.

அடியில் படிந்து கிடந்த மருந்தும் மேலே வந்து கலந்தபோது அந்தச் சந்தோஷம் போயே போய்விட்டது. துடுப்பு மறுபடி இலேசானது. தங்கை ஓடிப்போய் இன்னொரு குவளை கொண்டுவந்தாள். கொட்டக் கொட்ட இன்னும் நீர்த்தது. மூன்றாவது குவளையோடு அவள் வந்தபோது மேடம் தொட்டி மேல் கையை நீட்டித் தடுத்தார்.

"போதும்மா. உப்பு அதிகமாயிடுச்சு."

"உப்பா?"

"அளவா போட்டா திரளும். அளவு தாண்டினா திரும்பத் தண்ணியாயிடும்." சொல்லிக்கொண்டே மேடம் குவளையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"ஐயோ மேடம், விஷம்!" என்று மூடிக்காரம்மா அலறிய அலறலில் எதிர்க்கடை வெல்டிங்காரர் ஓடிவந்துவிட்டார். ரேடியோ ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார், குடிக்கக் கொடுப்பதா தலையில் ஊற்றுவதா என்று தெரியாமல்.

மேடம் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "சாயம் போட்ட சமையல் உப்புதாங்க. நான் போற எல்லாப் பட்டறையிலயும் இதான் போடுறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

முழங்கை வரை ரப்பர் கையுறையோடு, ஒரு குவளை உப்பைப் பாம்பைப் பிடித்த மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள். அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. இத்தனை வருஷம் அண்ணன் அவளைப் பூச்சாண்டி காட்டி ஏமாற்றியிருக்கிறார், சின்னப் பிள்ளையை ஏமாற்றுவது போல.

மேடம் பொல்லாதவர் இல்லை. கிளம்பும்போது அவள் தோளைத் தொட்டார். "சரக்கு கெட்டுப்போறது பெருசில்லம்மா, எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான். ஆனா உங்க அண்ணனுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வந்தா என் கடை அலமாரி காலியா நிக்குமே, அதை நினைச்சாதான் பயமா இருக்கு. அடுத்த வாரம் வர்றேன். அவர் இல்லாம நீங்க ஒரு தொட்டி கலந்து காட்டுங்க. வந்துச்சுன்னா ஆர்டர் உங்களுக்குத்தான்."

மேடத்தின் கார் தெருமுனை திரும்புகிற நேரத்துக்கு மின்சாரம் வந்தது. கெட்டுப்போன சோப்பை மோட்டார் மும்முரமாகக் கலக்க ஆரம்பித்தது. தங்கை போய் அதை அணைத்தாள்.

அண்ணன் சாயங்காலம் வந்தார். தோண்டிப் போட்ட ரோட்டில் நடந்து வந்ததில் முட்டி வரைக்கும் புழுதி. அதிகாரி இன்றைக்கு லீவு என்று மூன்று மணிக்குத்தான் சொன்னார்களாம். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. தங்கை அவருக்குத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ஆர்டர் இன்னும் கைநழுவவில்லை என்பதை அழுத்திச் சொன்னாள்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றார்.

"அண்ணா, அது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"மெதுவா பேசு. ஆளுங்க காதுல விழப்போவுது."

"ரேடியோ அண்ணன் இந்நேரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி முடிச்சிருப்பாரு. அதை விடுங்க. எனக்கு அளவை மட்டும் சொல்லிக் கொடுங்க. கூழ் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, உப்பு எவ்வளவு. அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கே ரெண்டு தடவை கலந்து பாத்துடுறேன்."

அண்ணன் கையில் இருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பா நினைக்காதே. உனக்குத் தெரிஞ்சா உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். அப்புறம் அவரும் ஒரு பட்டறை போட்டுட்டா..."

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கை காயும் முன்பே குறட்டை. சோப்பைக் குளிக்கிற நேரம் தவிர அவர் நினைப்பதுகூடக் கிடையாது. தங்கைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இத்தனை வருஷமாக அவள் யாருக்கு உழைத்தாள்? திருடியைப் போல நினைத்துக்கொண்டா பக்கத்திலேயே வைத்திருந்தார்?

"அப்ப அடுத்த வாரம் அவங்க வந்தா நான் என்ன செய்யட்டும்?"

அண்ணன் முகத்தில் பிரகாசம் வந்துவிட்டது. இதைத்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். "அதுக்கு ஏன் கவலைப்படுற? அன்னிக்கு நான் எங்கயும் போகப்போறதில்ல. விடியும்போதே வந்து எல்லாத்தையும் அளந்து வச்சிடுறேன். அவங்க வர்றப்ப திரைக்குப் பின்னாடி சத்தம் காட்டாம உக்காந்துக்கிறேன். நீ முன்னாடி நின்னு, நீயே செய்யுற மாதிரி காட்டு. உனக்கென்ன, நல்லா பேசுவே!"

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் எந்த இடத்தில் முக்காலி போட்டால் தன் கால் வெளியே தெரியாது என்று எழுந்து போய்ப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். தங்கை அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எரிச்சல்கூட வற்றிப்போயிருந்தது. வாசலுக்கு வந்து போனை எடுத்து மேடத்தை அழைத்தாள்.

"மேடம், அடுத்த வாரம் வராதீங்க."

"ஏம்மா? கத்துக்க ஒரு வாரம் பத்தாதா? இன்னும் கொஞ்ச நாள் வேணும்னா எடுத்துக்குங்களேன்."

"நாள் இருக்கு மேடம்," என்றாள் தங்கை. "கத்துக்கொடுக்கத்தான் ஆள் இல்லை."