மூன்றாம் பிரிவில் ஓர் இடம்

நெரிஸ் பிராசர் பின்னாளில் சைக்கிள் பந்தயத்தில் வேல்ஸுக்காகப் பதக்கங்கள் வாங்கினாள். ஆனால் அவளுடைய முதல் போட்டி நியூபோர்ட் சைக்கிள் அரங்கின் மாடியறையில், ஒரு மருத்துவக் கட்டிலில் நடந்தது. எதிரணியில் ஆடியவர் அவளைப் பெற்ற அப்பா.

மாற்றுத்திறனாளிகள் பந்தயத்தில் யாருக்கு எவ்வளவு குறை என்று பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். எண் கூடினால் குறை கம்மி என்று அர்த்தம். பிறவியிலேயே இடது கால் பலமில்லாத நெரிஸுக்கு மூன்றாம் பிரிவு கிடைத்தால் அணியில் இடம் உறுதி. நான்காம் பிரிவில் போட்டுவிட்டால் அவளைவிட நல்ல கால் உள்ளவர்களோடு மோத வேண்டும். அப்புறம் பழையபடி பேக்கரி வேலைதான்.

துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். அப்பா மியூரிக் வந்துவிட்டார். ரோண்டா பள்ளத்தாக்கில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனுஷர். அந்தப் பள்ளத்தாக்கில், கால் ஒடிந்து கிடப்பவனிடம் நலம் விசாரித்தாலும் "ஒரு குறையும் இல்ல" என்றுதான் சொல்வான். வேறு மாதிரி சொன்னால் குடும்ப மானம் போய்விடும்.

பிரிவை முடிவு செய்யும் டாக்டர் எலூனெட் பேனாவைத் திறந்தார். "படி ஏற சிரமமா இருக்கா?"

நெரிஸ் வாயைத் திறப்பதற்குள் மியூரிக் முந்திக்கொண்டார். "படியா? மலையே ஏறுவா டாக்டரம்மா! ரீகோஸ் மலையில என் பஸ்ஸே மூச்சு வாங்கும். இவ சைக்கிள்ல ஏறிட்டு வந்து டீ கேட்டா."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

"அப்பா, கொஞ்சம் வாயை மூடுங்க."

"உள்ளதைத்தானே சொல்றேன்? ஆறு வயசுலயே கரி மூட்டை தூக்குனவ."

"அது தலகாணிப்பா!"

டாக்டர் அவளிடமே திரும்பினார். "கால்ல வலி இருக்கா?"

"ஒரு குறையும் இல்ல" என்றாள் நெரிஸ். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளர்ப்பு அப்படி.

"உங்க ரெண்டு பேரையும் கேட்டா, இந்தக் கட்டில்ல படுக்க வேண்டியது நான்தான் போல" என்றார் டாக்டர்.

பிறகு காலை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. "சரி, சாக்ஸ், ஷூ போடுங்க. கீழ போய் ஓட்டிக் காட்டுங்க."

"நீங்க முன்னாடி போங்க. நான் வந்துடறேன்" என்றாள் நெரிஸ்.

"பரவாயில்ல, நிக்கிறேன்" என்றார் டாக்டர்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை அது. நெரிஸ் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்தாள். வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கினாள். சாக்ஸ் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டது.

"அவசரத்துல தடுமாறுறா" என்று சிரித்தார் மியூரிக். மூன்றாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றது. ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து வந்து கை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றார்கள் டாக்டரும் மகளும் ஒரே குரலில்.

ஏழு நிமிடமாயிற்று.

"தினமும் இவ்வளவு நேரமாகுமா?" என்று கேட்டார் டாக்டர்.

நெரிஸ் அப்பாவைப் பார்த்தாள். இத்தனை வருடம் யாரிடமிருந்து மறைத்தாளோ, அவர் முன்னாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

"ஆகும். குளிர்னா பத்து."

கீழே உயிரைக் கொடுத்து ஓட்டினாள். சாயங்காலம் காகிதம் வந்தது. மூன்றாம் பிரிவு.

காரில் உட்கார்ந்தும் மியூரிக் சாவியைத் திருப்பவில்லை.

"நீ பள்ளிக்கூடம் போற நாள்ல, கீழ வண்டியில உக்காந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பேனே..."

"ஆமா."

"மேல இதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தியா, கண்ணு?"

"ஆமாப்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெரிஸ் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஹாரன் அடிக்கலைன்னா கால் மணி ஆயிருக்கும்பா. எனக்கு முதல் கோச்சே நீங்கதான்."

மியூரிக் வண்டியைக் கிளப்பினார். ஊருக்குள் நுழையும்போது நடுரோட்டில் ஓர் ஆடு வழியை மறித்துப் படுத்திருந்தது. பின்னால் நாலு வண்டிகள் சேர்ந்து அலறின. அவர் ஹாரனைத் தொடவே இல்லை. அது எழுந்து, சோம்பல் முறித்து, தானாக நகரும்வரை காத்திருந்தார்.