மூன்றாம் நாற்காலி நார்மல்

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊர் கிளப் ஹாலில் அன்று நரம்பு டாக்டர்களுக்குப் பாடம். வருஷத்துக்கு ஐம்பது மணி நேரம் படித்ததாகக் காட்டாவிட்டால் அவர்கள் வைத்தியம் பார்க்க முடியாது. அதனால் டிசம்பர் பிறந்ததும் எல்லாருக்கும் திடீரென்று அறிவுப்பசி எடுத்துவிடும்.

லாரியில் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிய மெர்வ் டிரான்டருக்கோ வேறு கவலை. இரண்டு மாதமாக வலது கை சொன்னபடி கேட்கவில்லை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணன் கிளாரிக்கும் கையில்தான் ஆரம்பித்தது. தசையெல்லாம் கரைந்து இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். நரம்பு டாக்டரைப் பார்க்கலாமென்றால் ஒன்பது மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

பாடம் நடத்தும் பேராசிரியர் பர்விஸ் அவசரமாக வந்தார்.

"மெர்வண்ணே, ஒரு உதவி. மூணு பேரை நாற்காலியில உக்கார வச்சு டாக்டருங்களுக்குப் பரீட்சை. ரெண்டு பேருக்கு நிஜமாவே நோய். மூணாவது ஆளு ஒண்ணுமில்லாதவன். இல்லாத நோயை எவன் கண்டுபிடிக்கிறான்னு பாக்கத்தான். அவன் இன்னைக்கி வரல. நீங்கதான் கல்லு மாதிரி இருக்கீங்களே, உக்காருங்க. ஆனா உடம்பப் பத்தி வாயே திறக்கக் கூடாது."

மெர்வுக்கு வயிறு குளிர்ந்தது. எட்டு நரம்பு டாக்டர்கள், அதுவும் ஓசியில். ஒருத்தர் கண்ணிலாவது படாதா?

வந்தார்கள். ஒருத்தர் முழங்காலில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டு போனைப் பார்த்தார். ஒருத்தர் கண்ணில் டார்ச் அடித்துக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். ஒரு அம்மா கொட்டாவியோடு வந்து கொட்டாவியோடு போனார். எட்டுப் பேரும் எழுதியது ஒன்றே: நார்மல்.

அப்பாடா, பயந்ததெல்லாம் வீண் என்று மெர்வ் டீ நேரத்தில் இரண்டு லாமிங்டன் கேக் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் இரண்டு டாக்டர்களின் பேச்சு கேட்டது.

"மூணாவது நாற்காலி நார்மல்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

"பர்விஸோட செக்ரட்டரி. எல்லாருக்கும் தெரியுமே!"

"அதானே பாத்தேன். நான் அந்த ஆளத் தொடக்கூட இல்ல."

மெர்வ் இரண்டாவது கேக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

சாயங்காலம் கருத்துப் படிவங்களை வாங்கிப்போட வாசலில் மெர்வையே நிறுத்தினார்கள். படிவம் கொடுத்தால்தான் சான்றிதழ். தூக்க நோய்ப் பாடம் முழுக்கத் தூங்கிய இமெல்டா சாபோ, அந்தக் கொட்டாவி அம்மா, படிவத்தைக் கொடுத்துவிட்டு உடனே அதைப் பிடித்து இழுத்தார்.

"குடுங்க குடுங்க, பேர் போட மறந்துட்டேன்."

தாள் நழுவிவிடாமலிருக்க மெர்வின் கட்டைவிரல் நுனி கொக்கி மாதிரி மடங்கியது. டாக்டரின் தூக்கம் கலைந்தது.

"இன்னொரு தடவ பிடிங்க. இப்ப இடது கையால."

இடது கட்டைவிரல் நேராகவே நின்றது.

"நீங்கதானே மூணாவது நாற்காலி?"

"ஆமா டாக்டரம்மா. நார்மல்னு எழுதினீங்களே."

"எழுதினேன். வெக்கக்கேடு. சுண்டுவிரல் மரத்துப்போகுதா?"

"கட்டை மாதிரி."

"லாரி ஓட்டுறப்ப முழங்கைய எங்க வைப்பீங்க?"

"ஜன்னல் மேலதான். முப்பது வருஷமா." மெர்வ் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "என் அண்ணனைக் கொன்ன வியாதிதானே? தசையெல்லாம் கரைஞ்சு..."

"அது தசையத்தான் தின்னும், மரத்துப்போக வைக்காது. உங்களுக்கு முழங்கையில நரம்பு நசுங்கியிருக்குன்னுதான் தோணுது. செவ்வாக்கிழமை என் கிளினிக்குக்கு வாங்க, சோதிச்சுப் பாத்து உறுதி பண்ணிக்கலாம்."

மெர்வ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். 'இன்று புதிதாக என்ன கற்றீர்கள்?' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இத நிரப்பாம சான்றிதழ் கிடையாது டாக்டரம்மா."

அவர் பேனாவை வாங்கி எழுதினார்: 'நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.'

வீடு போய்ச் சேர்வதற்குள் மெர்வின் முழங்கை நாலு தடவை ஜன்னலுக்கு ஏறியது. நாலு தடவையும் இடது கையால் அதற்கு ஒரு அடி வைத்தார்.