கணுக்கால் வளராது

1

இந்தக் கதை என் அக்காவுடையது. "எழுதறதா இருந்தா என்னை நல்லவளாக்கி எழுதாதே" என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தாள். அதனாலேயே தொடக்கம் நாலு முறை தடுக்கி விழுந்தது.

முதல் முயற்சி: லென்ஸுக்கு மறதி கிடையாது, ஆனால்...

(விட்டுவிட்டேன். அழகாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது.)

நேராகவே சொல்கிறேன். அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் புகைப்படக்காரி. ஆறாத புண்களைப் படமெடுப்பது அவள் வேலை. நோயாளியின் நாற்காலி நகராது. தரையில் ஒட்டிய நாடாவை விட்டு அக்காவும் நகரமாட்டாள். பத்தொன்பது வருஷம், ஒரே லென்ஸ், ஃபிலிம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் புண் ஆறுகிறதா, பரவுகிறதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

2

நிர்வாகம் டிஜிட்டல் கேமரா வாங்கியது. "பழைய லென்ஸே இதுல மாட்டிக்கலாம் மேடம்" என்றார் விற்க வந்தவர். மாட்டியது. அக்கா அதே நாடாவில் நின்று எடுத்தாள்.

(இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராவின் சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது. லென்ஸ் தரும் காட்சியில் ஓரங்களை விட்டுவிட்டு நடுவை மட்டும் வாங்கிக்கொள்ளும். அதைப் பழைய அளவுத் தாளில் அச்சிட்டால் எல்லாமே ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும்.)

"நெருக்கமா தெரியுதேன்னு தோணிச்சுடா. புதுசு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." இந்த வாக்கியத்தை மட்டும் அக்கா இரண்டு முறை சொன்னாள்.

3

மூன்றாவது வாரம், ஏற்கெனவே ஃபிலிமில் படமெடுத்திருந்த ஒரு தையல்காரர் மறுபடி வந்தார். மிஷின் மிதிக்கிற காலில் புண். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேகமா பரவுது. காலை எடுத்துடறதுதான் உயிருக்கு நல்லது."

"வேற வழியே இல்லையா சார்?" என்றார் தையல்காரர்.

வேறொருவர் படத்தைக் கொடுக்க வந்த அக்கா மேசையை எட்டிப் பார்த்தாள். பழைய படத்தில் ஐந்து விரல்களும் இருந்தன. புதியதில் விரல்கள் ஓரத்தில் வெட்டுப்பட்டு, கணுக்கால் எலும்பு எலுமிச்சம்பழம்போலத் துருத்திக்கொண்டிருந்தது.

"சார், புண்ணு வளரும். கணுக்கால் வளருமா?"

டாக்டர் அடிக்கோலை எடுத்துக் காலிலேயே அளந்தார். பிறகு படங்களை அளந்தார். புதுப் படத்தில் கணுக்காலும் ஒன்றரை மடங்கு பெரிதாகியிருந்தது.

(முதல் பிரதியில் இந்த டாக்டரைத் திமிர் பிடித்தவராக எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள். "அவர் எழுந்து நின்னு அந்த ஆள்கிட்ட மன்னிப்புக் கேட்டார்டா. அதை எழுது.")

கால் தப்பியது. புண் ஆற நாலு மாசம் பிடித்தது. இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பேனாவை மறுபடி எடுத்தேன்.

4

ஏனென்றால், தையல்காரருக்கு முன்னால் அந்தக் கேமராவில் பதினோரு பேர். அன்றே அக்கா எல்லாக் கோப்புகளையும் எடுத்து அளந்தாள். பத்துப் பேருக்குக் கெடுதல் நடக்கவில்லை. பதினோராவது ஆள் ஒரு தபால்காரர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ரத்த ஓட்டமும் மோசமாத்தான் இருந்தது" என்றார் டாக்டர். "படம் மட்டும் காரணம் இல்ல." கோப்பை மூடிவிட்டு, "படமும் ஒரு காரணம். போய்ச் சொல்லணும்."

"முதல்ல நான் போறேன் சார்."

வார்டில் தபால்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "படம் எடுக்கவாம்மா?" என்று போர்வையை விலக்கப் போனார்.

"இல்லைங்க. பேசணும்" என்று கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, கடைசியில் அக்காவின் கையை...

ஆ. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து...

அக்கா இரண்டையும் அடித்தாள். "நீ அங்க இருந்தியா? அவர் சொன்னதை அவர்தான் சொல்லணும்."

பார்வையாளர் நேரம் முடியும்வரை அவள் அங்கே இருந்தாள், பிறகு டாக்டர் உள்ளே போனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் பேசிய முதல் வாக்கியத்தையாவது கற்பனை செய்யப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் 'கேமரா' என்ற சொல் முந்திக்கொண்டு வந்து நின்றது. அக்கா அப்படித் தொடங்கியிருக்கமாட்டாள்.

அக்காவின் ஸ்டூலில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் போர்வை நுனியைப் பிடித்தபடி காத்திருக்கிறார். முடிந்தால் 'நான்' என்று தொடங்குங்கள்.