கண்ணாடிக் கதவின் மறுபுறம்

கஞ்சமலையின் தோளில் மாலைக் கதிர் சாய்ந்து, இளம்பிள்ளைச் சாலையோரம் நெசவுக்கென நீட்டிக் கட்டிய பாவுநூல்களில் செம்மை பூசி, சேலத்து மாடங்களின்மேல் சற்றே தயங்கி நின்ற வேளை அது. நகரின் விளிம்பில் இருந்த மருத்துவமனை ஒன்றின் மேல்தளத்தில், அத்தாயி என்னும் முதியவள் ஆழ்கிணற்றில் நீர் சேந்துபவள்போல் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். விசைத்தறிக் கூடத்துப் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தே வாழ்நாளைக் கழித்தவளுக்கு, நுரையீரல் வாடிய இலையெனச் சுருங்கியிருந்தது.

அவளுடைய ஒரே மகன் இளஞ்செழியன். தாயின் தறியடியிலே வளர்ந்தவனாயினும், சேலை வணிகனாகிக் கடைத்தெருவில் பெயர்பெற்ற பின் தறிக்கூடத்தில் அவன் கால் படுவது அரிதாயிற்று. ஊரார் தன்னைப் பற்றி என்ன சொல்வர் என்னும் எண்ணம் மட்டும் நிழல்போல் அவனை நீங்காது தொடர்ந்தது.

அன்று மருத்துவர் ஜெனிட்டா, இனிச் செய்யவேண்டியதை அத்தாயியின் கட்டிலருகே அமர்ந்தே பேச விரும்பினார். இளஞ்செழியன் பதறினான்.

“அம்மாவுக்குத் தெரியவே கூடாதுங்க டாக்டரம்மா. வெறுஞ் சளின்னு சொல்லி வெச்சிருக்கேன். வெளிய போயிப் பேசிக்கலாம்.”

அவரையும் தாய்மாமன் மயில்சாமியையும் வெளியே அழைத்துவந்து, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி, ஓசை ஓர் இழையும் உள்ளே புகாதென்று உறுதிசெய்துகொண்டு, கட்டிலை நோக்கியவாறே நின்றான். தாய் அஞ்சாதிருக்கும்பொருட்டு இதழ்களில் ஒரு புன்னகையையும் ஒட்டிவைத்துக்கொண்டான்.

“இது இனிமே சரியாகாதுங்க,” என்றார் ஜெனிட்டா. “மூச்சு நிக்கிற நேரம் வந்தா, தொண்டையில கொழாய் விட்டு மிசின்ல வெக்கலாம். ஆனா திரும்ப எந்திரிக்கறது அரிது, பேசவும் முடியாது. இல்லன்னா, திணறல் தெரியாம மருந்து குடுத்து ஊட்லயே நிம்மதியா இருக்க வுடலாம். எது வேணும்னு அவங்களையே கேக்கணும். பேச்சு இருக்கறப்பவே கேக்கணும்.”

மயில்சாமி துண்டை உதறினார். “கேக்கறதாவது! மிசின் வெக்காம ஊட்டுக்குக் கொண்டு போனா, ஆத்தாளக் கைகழுவிட்டான்னு ஊரே பேசும் மாப்ள. அப்பறம் கடையில தல நிமிந்து உக்காருவியா?”

“அதத்தாங்க மாமா நானும் சொல்றேன். கொழாயப் போட்ருங்க டாக்டரம்மா. நோவு இருந்தா இருந்துட்டுப் போவுது. நாளைக்கு ஒருத்தன் என்னயக் கேள்வி கேக்கக் கூடாது. அது ஒண்ணுந் தெரியாத பொம்பள. அதுகிட்டப் போயி என்னத்தக் கேக்கறது?”

புன்னகை அப்போதும் அவன் முகத்தில் இருந்தது.

ஜெனிட்டா கதவைத் திறந்து உள்ளே சென்றார்; மற்ற இருவரும் பின்தொடர்ந்தனர். “அம்மா, உங்க ஒடம்பப் பத்தி உங்ககிட்டப் பேசலாங்களா?” என்று வினவினார். அத்தாயி தலையசைத்தாள், பின் மகனைக் கைகாட்டி அழைத்து, மூச்சுக்கவசத்தை விலக்கினாள். இதழ்கள் அசைந்தன. ஒலி எழவில்லை.

“அக்கா என்ன சொல்லுது? தண்ணி கேக்குதா?” என்றார் மயில்சாமி.

இளஞ்செழியனின் கண்கள் அவ்விதழ்களிலேயே நிலைத்தன. தறிகள் ஒருங்கே அதிரும் கூடத்தில் மனிதக் குரல் எட்டுவதில்லை; அங்கு உழைப்போர் ஒருவர் இதழை ஒருவர் பார்த்தே பேசிப் பழகுவர். பசியா என்று கேட்டதும், கேலி செய்ததும், ஓடாதே என்று அதட்டியதும் அவன் தாய் அவ்வாறு ஒலியின்றித்தான். கடைத்தெருவுக்குப் போனவன் அப்பேச்சை மறந்துவிட்டிருந்தான்; இப்போது அது திரும்ப நினைவுக்கு வந்தது. கண்ணாடி ஓசையைத்தான் தடுத்தது, வெளியே நின்ற மூவரின் இதழ்களை அவளிடமிருந்து மறைக்கவில்லை.

“சிரிச்சுக்கிட்டே சொன்னியே சாமி,” என்றன அவ்விதழ்கள், “ஒண்ணுந் தெரியாத பொம்பளன்னு.”

அவன் முகம் தீப்பட்டதுபோல் கன்றியது. நோய் முற்றியதையும், மகன் அவள் நோவைவிடத் தன் மதிப்பைப் பெரிதாக எண்ணியதையும் அவள் ஒருசேர அறிந்துகொண்டிருந்தாள். அவனோ, அறியாதவள் என்று அவளையே இகழ்ந்திருந்தான்.

அத்தாயி எஞ்சிய மூச்சையெல்லாம் திரட்டி, இம்முறை குரலெடுத்தாள்.

“கொழாய் வேண்டாங்க டாக்டரம்மா. நான் ஊட்டுக்குப் போறேன்.” பின் தம்பியை நோக்கினாள். “மயிலு, ஊருல எவனாச்சும் கேட்டா, மவன் மிசின் வெக்கச் சொல்லித்தான் அழுதான், நாந்தான் மாட்டேன்னேன்னு சொல்லு.”

அவள் விருப்பப்படியே ஆயிற்று. சில நாட்களில், அடுத்த கூடத்துத் தறியொலி தாலாட்டுவதுபோல் கேட்கும் தன் வீட்டில், மருந்தின் தணிவில் நோவறியாமல் அவள் மூச்சு அடங்கியது. மயில்சாமியும் அக்காள் சொல்லச் சொன்னதையே ஊராரிடம் சொன்னார். துக்கத்துக்கு வந்தோரெல்லாம், “ஆத்தாளுக்காக எப்பிடி மன்றாடுனானாம், பாருங்க!” என்று புகழ்ந்தனர். அவன் அஞ்சிய ஊரே அவனைப் போற்றியது. தாய் தந்துவிட்டுப் போன அப்புகழின் கீழ் அவன் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று.

சாவை நோக்கிச் செல்பவரிடம் கேட்கவேண்டியதை, அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிடுவதுதான் அன்பு. வீடு திரும்பிய நாள்முதல் அவனும் தாயிடம் ஒரு சொல் சொல்லவேண்டியிருந்தது. அவள் விழித்திருந்த பொழுதெல்லாம் நாணம் அதைத் தடுத்தது. இப்போது, அவள் உடலருகே அமர்ந்து, எவரும் அறியாவண்ணம், ஒலியின்றி இதழ் அசைத்து மன்னிப்பு வேண்டினான்.

அதைப் படிக்கத் தெரிந்த கண்கள் மூடியிருந்தன.