தையல்காரி பிரித்த தையல்

தெருமுனைத் தையல்காரிக்கு இறுக்கமான உடுப்பைக் கண்டாலே ஆகாது. எவர் தோளிலாவது சட்டை இழுத்துக்கொண்டிருந்தால் நடுவழியில் நிறுத்தி, "எந்தப் புண்ணியவான் தைச்சது?" என்று கேட்டுவிடுவாள். அவளுக்கே வலது கை தலையணையாக வீங்கி, எந்தச் சட்டைக்குள்ளும் நுழையாமல் போனபோது தெருவில் பாதிப் பேர் பரிதாபப்பட்டார்கள். மீதிப் பேர் பரிதாபப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

மார்பில் இருந்த கட்டியை எடுத்தபோது அக்குளில் சில நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். வடிய வேண்டிய நீர் வழியில்லாமல் கையிலேயே குடியேறிவிட்டது. கத்தரிக்கோல் வளையத்தில் கட்டைவிரல் நுழையவில்லை. கடையை மூடிவிடலாம் என்று அவள் முடிவெடுத்த அன்று, கணவனின் தங்கை அவளைப் பெரிய மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தேங்கிய நீரைச் சுமக்கும் நுண்குழாய்களைப் பக்கத்து ரத்தக்குழாய்களோடு சேர்த்துத் தைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் தைக்க வேண்டுமாம். அறுவை மேசையில் கையை மட்டும் மரக்கவைத்தார்கள், வாயை விட்டுவிட்டார்கள்.

"டாக்டரம்மா, நூல் என்ன நம்பர்?"

"தலைமுடியை விட மெல்லிசு. பேசாதீங்க, கை ஆடுது."

"முடிச்சு எப்படிப் போடுவீங்க?"

"அம்மா!"

கை மெல்ல வற்றியது. காயம் ஆறியதும், பகல் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அளவெடுத்துச் செய்த ஓர் இறுக்க உறையைக் கொடுத்தார்கள். தையல்காரி சில நாள் பொறுத்தாள். பிறகு நாத்தனார் மளிகைக் கடைக்குப் போன சமயம் பார்த்து, ஓரத்தைப் பிரித்து, நடுவில் ஒரு பட்டை கொடுத்து, அழகாக லூசாக்கித் தைத்துவிட்டாள். அவள் அகராதியில் இறுக்கம் என்றால் அளவெடுத்தவர் தப்பு.

கை மறுபடி ஊதியது.

"டாக்டரம்மா போட்ட தையல் விட்டுடுச்சு. அவ்வளவு பாடுபட்டாங்களே, எந்த மூஞ்சிய வச்சிட்டு சொல்றது?" என்று அழுதாள்.

"இருக்குற மூஞ்சிய வச்சிட்டே வாங்க அண்ணி," என்று நாத்தனார் கிளப்பினாள்.

டாக்டரம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார். "இது யார் தைச்சது?"

"ஏன், நல்லால்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் கேக்குறேன்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி! ஊரான் தையலைப் பிரிச்சது போதாதுன்னு ஆஸ்பத்திரி தையலையுமா?"

"வெளியில அழுத்தினாத்தாம்மா தண்ணி நான் போட்ட வழிக்கு ஏறும்," என்றார் டாக்டரம்மா. ஆனாலும் சோதித்துவிடலாம் என்று விரலிடுக்கில் கேமராவுக்கு மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றி, விளக்கை அணைத்து, கேமராவைக் கைக்கு மேலே பிடித்தார். திரையில் வெளிச்சக் கோடு ஒன்று மணிக்கட்டிலிருந்து நெளிந்து நெளிந்து ஏறியது. தழும்பருகே வந்ததும் தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு நிற்கவில்லை, ரத்தக்குழாய்க்குள் வழுக்கி மறைந்தது.

"விடலைம்மா. போட்ட தையல் அப்படியே இருக்கு. வேற உறை போட்டா வத்திடும்."

தையல்காரி டாக்டரம்மாவின் விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வார்த்தை வரவில்லை. இந்தச் சேதி தெருவுக்கு வந்தபோது கை குணமாகும் என்பதை எல்லாரும் உடனே நம்பினார்கள். அவள் பேசாமல் இருந்தாள் என்பதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

கடை திறந்துவிட்டது. முதல் துணியை நாத்தனாருக்கு வெட்டினாள். அதற்கு அளவே எடுக்கவில்லையாம். ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டபோதே தெரிந்துவிட்டதாம்.