வில்பரின் கடைசி ஆசை

ஓய்வுபெற்ற நாயக் லாசரஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வெள்ளைக்காரனைத்தான் புதைத்தார். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுதான் சிக்கல்.

பல்லாவரத்து முன்னாள் ராணுவத்தினர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்துச் சாகிறவருக்கு அடுத்த குழி. பதவி, சிபாரிசு எதுவும் செல்லாது. 1968 மார்ச்சில் லாசரஸின் மனைவி ரத்தினபாய் போய்ச் சேர்ந்தாள். அவள் பக்கத்து இடம் காலி. முப்பத்தாறு வருஷம் தான் படுத்த இடத்தில் எவனோ ஒரு ஹவில்தார் வந்து படுப்பதா? முந்திக்கொள்ளலாம் என்றால் லாசரஸுக்கு ரத்தக்கொதிப்புகூடக் கிடையாது.

ஒரு மரச் சிலுவை செய்தார். டிகாஷனில் ஊறவைத்தார், சாணிக்குள் புதைத்தார், பழசாக்கினார். இருமல் மருந்துப் புட்டியிலிருந்து பெயரை எடுத்து எழுதினார்: ‘கார்ப்பொரல் வில்பர், 1943, மலேரியா’. புதர் வெட்டும்போது அகப்பட்டதாகச் சொல்லி, காலி இடத்தில் நட்டார். தன் முறை வரும்போது மகன் ஐசக் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஆனால் தோட்டத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த யூனிஸ் டீச்சர் வில்பரைக் கண்டு பூரித்துப்போனாள். தனி அத்தியாயமே ஒதுக்கினாள். சிலுவை போய்க் கருங்கல் வந்தது, சுற்றிலும் சிமெண்ட் கட்டை எழும்பியது.

பதறிப்போன லாசரஸ், சங்கச் செயலாளர் சுபேதார் சுவிசேஷமுத்துவிடம் ஓடினார்.

“சார், வில்பர் பொய். நான்தான் நட்டேன்.”

“இன்னாய்யா உளர்றே?”

“கீழே வெறும் மண்ணுதான் சார் கீது. தோண்டிப் பாருங்க.”

“தோண்டாதே!” சுபேதார் பாய்ந்து கதவைச் சாத்தினார்.

லாசரஸின் பார்வை மேஜைமேல் கிடந்த அச்சுத் தாளில் விழுந்தது. ‘மூன்று இரவு கண்விழித்து வில்பருக்குப் பணிவிடை செய்தவர் நம் சுபேதாரே. அவர் மடியில்தான் அந்த வீரன் கண்மூடினான்.’

“மடியிலயா சார்?”

“டீச்சர் கேட்டாங்க... ஒரு பேச்சுக்கு...” சுபேதாரின் மீசை தொங்கியது.

“சாகறப்ப வேற எதுனா சொன்னாரா?”

சுபேதார் முறைத்தார். பிறகு மெல்லப் பேனா மூடியைக் கழற்றினார். “சொன்னான்யா. இப்பத்தான் ஞாபகம் வருது.”

டிசம்பரில் புத்தகம் வந்தது. வில்பரின் கடைசி ஆசை தடித்த எழுத்தில் இருந்தது: ‘என் குழியில் ஓர் இந்தியச் சிப்பாயும் உறங்கட்டும். அவன் மனைவியை இழந்தவனாக இருக்கட்டும்.’ சங்கம் ஏகமனதாக லாசரஸைத் தேர்ந்தெடுத்தது.

கைதட்டல் அடங்கியதும் லாசரஸ் எழுந்தார்.

“ஒரே ஒரு கண்டிஷன். ரத்தினபாய் பக்கம் நான் படுக்கறேன். தொரை அந்தாண்ட தள்ளிப் படுக்கட்டும்.”