முந்நூற்று நாற்பது கிராம்

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு லில்லியின் மூச்சு நின்றபோது வீட்டில் இருந்தவர்கள்:

மகள் ஜோதிகா, இருபத்தெட்டு வயது. கட்டிலின் தலைமாட்டில், கையில் ஈரத் துணியோடு.

மகன் ஜோசுவா, இருபத்தைந்து வயது. ஒரகடத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து தரையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

லில்லியின் அக்கா கிரேஸ். வாலாஜாபாத்திலிருந்து வந்து ஏழு நாள் ஆகியிருந்தது. அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் ராஜவேலு. அரிசி மில்லில் வாட்ச்மேன். நடையில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அறையில் இருந்ததாக அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

கட்டிலின் கால்மாட்டில், சுவரில் சாய்த்து வைத்த ஒரு நீல முதுகுப் பை.

பெரியம்மா கிரேஸ் முதலில் தூக்கியது அந்தப் பையைத்தான்.

"ஜனங்க வர ஆரமிச்சிடுவாங்க. இத்த எங்கனா போட்டுட்டு வரேன். சாவு வூட்ல மூட்ட கட்டி வெச்சிக்கினு."

"வையி பெரிம்மா. நா எடுக்கறேன்."

"ஏன், நா தூக்குனா ஒடஞ்சிடுமா?"

ஜோதிகா பையை வாங்கிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். திரும்பி வந்து அம்மாவின் தாடையைத் துணியால் கட்டினாள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். ஜோசுவா எழுந்து உட்கார்ந்து அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

அழுகை வரும் என்று ஜோதிகா காத்திருந்தாள். வந்தது கணக்கு. இன்று புதன். நாளை அடக்கம். வெள்ளி மூன்றாம் நாள் ஜெபம். சனிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்குச் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம்.

அந்தத் தேதியைக் குறித்தது லில்லிதான். சென்னை ஆஸ்பத்திரியில் இனி வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிய வாரம் அது. "நா தையத் தாண்ட மாட்டேன். நீ மாசியில போட்டுக்க" என்றாள். கறிகாய் வாங்கும் நாளைச் சொல்வது போலச் சொன்னாள். ஜோதிகா போட்டாள். தை முடிந்தது. லில்லி இருந்தாள். மாசி பிறந்து பத்து நாள் ஆனது. அப்போதும் இருந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கும்போது, எதற்காகப் பார்க்கிறோம் என்று ஜோதிகாவுக்குத் தெரிந்திருந்தது. லில்லிக்கும் தெரிந்திருந்தது. "லேட்டு பண்றேன் இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். ஜோதிகா ஈரத் துணியைப் பிழிந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

பயணம் முதலில் ஜோதிகாவுடையது. சென்னையில் ராத்திரி வேலை பார்த்த மூன்று வருஷமும், பிரேக்கில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தீவுகளின் பெயர்களைப் படிப்பாள். அம்மாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பயணத்தையும் விட்டதாகத்தான் நினைத்தாள். லில்லி விடவில்லை. படுத்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தத் தீவு முதலில்? கப்பல் எத்தனை மணி நேரம்? டெண்ட் போட யாரிடம் கேட்க வேண்டும்? தண்ணீர் நல்ல தண்ணீரா? சேலை டிசைன் போடும் கிராஃப் பேப்பர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் தீவுகளை வரைய வைத்தாள். ஒரு கட்டம் என்றால் ஒரு மணி நேரக் கப்பல் பயணம். ஹேவ்லாக், நீல், லாங் ஐலண்ட், வடக்கே டிக்லிபூர், தெற்கே தனியாக ஹட் பே. அந்தத் தாள் பீரோக் கதவில் ஒட்டியிருந்தது. ஜெபத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஜோதிகாவைப் பார்ப்பார்கள்.

லில்லி இருபத்திரண்டு வருஷம் ஒரு பட்டு முதலாளியின் கடையில் எடை போட்டவள். நெசவு செய்கிறவர்களுக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையை எடை போட்டு வாங்குவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால், காரணம் தெரியும்வரை அவள் கல்லாப் பக்கம் சேலையை நகர்த்த மாட்டாள். முதலாளியே திட்டினாலும் நகர்த்த மாட்டாள்.

பையையும் அப்படித்தான் கட்டினாள். கடையில் கழித்துப்போட்ட சின்னக் கொக்கித் தராசு கட்டில் பக்கத்தில் இருந்தது. சட்டை, டார்ச், மாத்திரை, சோப்பு எல்லாம் அதில் ஏறி இறங்கின. பெரிய டர்க்கி டவலைக் கையில் வாங்கியதுமே தள்ளிவிட்டாள்.

"இத்து நனைஞ்சா ஒரு கிலோ. ஈரத்த யாரு தூக்கறது? துண்டு எடுத்துக்க."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அடியில் கூட்டிப் போட்டாள். ஒன்பது கிலோ எண்ணூற்று அறுபது கிராம்.

திரும்பி வர டிக்கெட் போடட்டுமா என்று ஜோதிகா கேட்டபோது, "அத்த இப்பவே இன்னாத்துக்கு?" என்றாள்.

இத்தனையும் செய்தவள் புதன்கிழமை காலை, மூச்சு நிற்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கண்ணைத் திறந்தாள். ஜோதிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சமிருந்தது ஆச்சரியம்.

"போவ வேணாம்டி. இங்கியே இரு."

ஜோதிகா குனிந்தாள். "இன்னாம்மா?"

"நீ போவாத. பயமா இருக்குது."

தெளிவாகத்தான் சொன்னாள். அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. ஜோசுவா தூங்கிக்கொண்டிருந்தான். பெரியம்மா குழாயடியில் இருந்தாள். கேட்டது தான் மட்டும்தான் என்று ஜோதிகா நினைத்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கனமே இல்லியேபா" என்றார். லில்லி முப்பத்தாறு கிலோ இருந்தாள். ஜோதிகா இரண்டு கை மண் போட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"இந்தப் பொண்ணுதான் டூர் போவுதாம்."

"எப்போ?"

"சனிக்கெழம."

"இந்தச் சனிக்கெழமயா?"

வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து பாஸ்டர் காபி குடித்துவிட்டுப் போனார். நாற்காலிக்காரன் வந்து வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு போனான். ஐந்து மணிக்கு வீட்டில் நாலு பேர் மட்டும் இருந்தார்கள். ஜோதிகா பையின் மேல் பாக்கெட்டைத் திறந்து பார்த்தாள். ஆதார் கார்டு இல்லை. அது இல்லாமல் விமான நிலையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"ஜோசுவா, என் ஆதார் எங்கடா?"

அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்கிட்டதான் இருக்குது. ஞாயித்துக்கெழம தரேன்."

"இப்ப குடு."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து தரேங்கா. எங்க போயிடப் போவுது?"

பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள். "கல்லற மண்ணு இன்னும் காயல. நாப்பது நாள் ஆவட்டும்டி. ஊருல வேற யாரும் கடலே பாத்ததில்லியா? மகாபலிபுரத்துல இல்லாத கடலா? காலைல போனா சாயந்தரம் வந்துடலாம்."

"டிக்கெட் நாளைக்குப் பெரிம்மா."

"டிக்கெட்டு நாளைக்கு. உங்கப்பனுக்குச் சோறு எப்போ? அந்த மனுசன் கேஸ் அடுப்ப பத்த வெச்சி நா பாத்ததில்ல."

"ஜோசுவா இருக்கறான்."

"நா ராத்திரி வேல செய்றவன்" என்றான் ஜோசுவா.

"நானுந்தான் செஞ்சேன்."

"செஞ்ச. வுட்டுட்ட."

"யாருக்காக வுட்டேன்?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சரி, போற. திரும்பி வருவியா?"

ஜோதிகா அவனைப் பார்த்தாள். இந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நாளை போகாவிட்டால் எப்போதும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு, இரண்டு ஆண்கள், இரண்டு டிபன் பாக்ஸ், அப்புறம் பெரியம்மா கொண்டுவரும் மாப்பிள்ளை. யாரும் அவளைக் கட்டிப்போட மாட்டார்கள். தேவையே இருக்காது.

"அம்மா போவச் சொல்லிச்சி" என்றாள்.

பெரியம்மாவின் கத்தி நின்றது. "எப்போ?"

"புதன்கெழம. கடைசியா."

"நா பக்கத்துலதானே படுத்துக்கினு இருந்தேன்?" என்றான் ஜோசுவா.

"நீ தூங்கிக்கினு இருந்த."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து அம்மாவின் பைபிளை எடுத்து வந்தான். கறுப்பு அட்டை, ஜிப் போட்டது. இரண்டு கையாலும் அவள் முன்னால் நீட்டினான்.

"இதும்மேல கைய வெச்சிச் சொல்லு."

"டேய், அப்டிலாம் பண்ணக் கூடாதுடா" என்றாள் பெரியம்மா. ஆனால் அவளும் ஜோதிகாவின் கையைத்தான் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோதிகா கையை வைத்தாள். அட்டை சில்லென்று இருந்தது.

"போடின்னு சொல்லிச்சி. பயப்படாம போயிட்டு வான்னு சொல்லிச்சி."

ஜோசுவாவின் வாய் கோணிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து பைபிளின் மேல் வைத்தான். கூடத்தை விட்டு வெளியே போய் பைக்கை எடுத்தான். கம்பெனி இரண்டு நாள்தான் லீவு கொடுத்திருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜோதிகா குளித்துத் தயாராக இருந்தாள். ஆறரைக்குத் தெருக்கோடி சத்யராஜ் ஆட்டோ கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். பஸ் ஸ்டாண்டில் விட்டால், அங்கிருந்து தாம்பரம். பெரியம்மா கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. தூங்கும்போது குறட்டை விடுவாள்.

ஜோதிகா கொக்கித் தராசை நடையின் உத்தரத்துக் கம்பியில் மாட்டி, பையைத் தொங்கவிட்டாள். அம்மா இருந்தால் செய்யச் சொல்லியிருப்பாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பத்து கிலோ இருநூறு.

இறக்கிவிட்டு மறுபடியும் மாட்டினாள். பத்து இருநூறு. அம்மாவின் தாளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது எண்ணூற்று அறுபது. தாளில் இல்லாத எதையும் அவள் பையில் வைக்கவில்லை.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

அப்பா பின்பக்கத்திலிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா?"

"முந்நூத்தி நாப்பது கிராம் அதிகமா இருக்குதுப்பா."

போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. எடை போடும் லில்லியோடு இருபத்திரண்டு வருஷம் சாப்பிட்டுத் தூங்கிய மனிதர். அவள் அந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் இன்னும் எட்டு வருஷம். வாசலுக்குப் போய், "ரெண்டு நிமிசம் இருப்பா" என்று சத்யராஜிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அவள் பையை நடையில் கவிழ்த்தாள். சட்டைகள், டார்ச், கயிறு, மாத்திரை டப்பா. தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். மறுபடியும் ஹாரன். அடியில் விரிப்புத் துணியை உருட்டி வைத்திருந்தாள். அதற்குள் ஏதோ கெட்டியாக இருந்தது. பிரித்தாள். செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பச்சை வார். புதியது. கடைக்காரன் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் நூல் இன்னும் அறுக்கப்படவில்லை. அடியில் ஆறு என்று எண் இருந்தது. ஜோதிகாவின் கால் எட்டு. அம்மாவின் கால் ஆறு.

"என்னியதான் வாங்கியாரச் சொன்னா" என்றார் அப்பா. "பொங்கலுக்கு மறுநாளு. கால் வீங்கிக் கெடக்குது, இப்ப எதுக்குடின்னு கேட்டேன். மணல்ல நடக்கறதுக்குன்னா."

ஜோதிகா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா அவளைப் பார்க்காமல், சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சைப் பார்த்துப் பேசினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புதன்கெழம அவ சொன்னது எனக்கும் கேட்டுச்சிம்மா."

கூடத்தில் பெரியம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. ஜோதிகா மூச்சை அடக்கினாள். அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் குனிந்து ஒரு சட்டையை எடுத்து, அதை மடிக்கத் தெரியாமல் உருட்டி, அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிப் பையில் வைத்தாள். அடுத்து டார்ச். அடுத்து கயிறு.

செருப்பை விரிப்பில் சுற்றி, இருந்த இடத்திலேயே அடியில் வைத்தாள். பேனாவைத் தேடி எடுத்து, தாளில் கடைசி வரிக்குக் கீழே முந்நூற்று நாற்பது என்று எழுதினாள். கூட்டுத்தொகையை அடித்து, பத்து இருநூறு என்று போட்டாள்.

பையை முதுகில் ஏற்ற அப்பா உதவவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கேஸ திருப்பிட்டு லைட்டர அமுத்தணும்" என்றாள். "மொதல்ல அமுத்திட்டு அப்புறம் திருப்பக் கூடாது."

"தெரியும் போ."

படியிறங்கினாள். சத்யராஜ் பையை வாங்க வந்தான். வேண்டாம் என்றாள்.

பின்னால் அப்பா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ராத்திரியில்கூட வெறுமனே சாத்தி வைக்கும் கதவு. தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் சாவி, இரண்டு சுற்று.